ஐந்தில் ஒருவரே அக்கரை சேர்கிறார்

சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு, கையில் பட்டம். கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. ஆனால், இந்த ஏற்பாட்டுக்கு உலகப் புகழ் பெற்ற கலிஃபோர்னியாவிலேயே பெரும்பாலான மாணவர்கள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். தப்பு எங்கே நடக்கிறது?

கலிஃபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளர் 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2017 முதல் 2019 வரை அந்த மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகளில் சேர்ந்து, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்ற நோக்கத்தோடு படித்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் மாறியவர்கள் சுமார் 21 விழுக்காடு. கறுப்பின, லத்தீன் வம்சாவளி மாணவர்களிடையே இது இன்னும் குறைவு.

நாடு முழுவதற்குமான கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் காலடி வைப்பவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் இளநிலைப் பட்டம் வரை போகவேண்டும் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். ஆறு ஆண்டுகளில் அந்தப் பட்டத்தை வாங்குபவர்கள் 16 விழுக்காடு மட்டுமே. மாறிப் போனவர்கள் மூன்றில் ஒருவர். மாறியவர்களிலும் முடித்தவர்கள் பாதிப் பேர்.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமாக யுசி, அமெரிக்காவின் தலைசிறந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அதன் வளாகங்கள். அங்கே பட்டம் பெறுபவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் சமுதாயக் கல்லூரியில் தொடங்கியவர்கள். நேரடியாக முதலாண்டில் சேர்ந்தவர்களுக்கு ஈடாகவே அவர்களும் படிப்பை முடிக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், அதாவது கால்ஸ்டேட்டில், பட்டதாரிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். உள்ளே நுழைந்துவிட்டவர் தேறிவிடுகிறார். சிக்கல் இரண்டு வளாகங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தில் இருக்கிறது.

46 டாலர் வாசல்

சமுதாயக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது. பகலில் கடையில் நின்றுவிட்டு மாலை வகுப்புக்கு வருபவர், ராணுவத்திலிருந்து திரும்பியவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தானும் புத்தகத்தைத் தூக்கும் தாய் என எல்லோருக்கும் இடம் உண்டு. கலிஃபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. இருபது லட்சம் பேர் படிக்கிறார்கள்.

கட்டணம், பாட அளவைக் குறிக்கும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து இதே விலைதான். பட்டத்தின் முதல் பாதிக்கு வேண்டியது 60 யூனிட். ஆக மொத்தம் 2,760 டாலர். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதுவும் தள்ளுபடி. யுசியில் ஓர் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 14,000 டாலரைத் தாண்டும். கால்ஸ்டேட்டில் 6,000 டாலரைத் தாண்டும். விடுதி, சாப்பாட்டுச் செலவு தனி. சமுதாயக் கல்லூரிக்காரர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே போய்வருகிறார். நடுத்தரக் குடும்பங்களும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கின்றன. சிலிக்கான் பள்ளத்தாக்கில் குப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரியும், ஃப்ரீமாண்டின் ஓலோன் கல்லூரியும் இந்தியக் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில்தான் இருக்கின்றன. பெர்க்லியில் முதலாண்டு இடம் கிடைக்காத பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு அங்கே இருப்பது அந்தப் பெற்றோருக்குத் தெரியும்.

தெரிந்தவர்களுக்கு வழி தெரிகிறது என்பதே இந்தக் கதையின் முதல் முடிச்சு. யுசிக்கு அதிகம் பேரை அனுப்புவது சாண்டா மோனிகா, டி ஆன்சா, டயப்லோ வேலி போன்ற சில கல்லூரிகள்தான். பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து வெகு தொலைவில், விவசாய வட்டாரங்களில் இருக்கும் கல்லூரிகளிலிருந்து போகிறவர்களோ சொற்பம்.

1960: ஒரே ஆண்டில் இரண்டு தீர்க்கதரிசனங்கள்

சமுதாயக் கல்லூரிகளுக்கு அன்றைய பெயர் ஜூனியர் கல்லூரி. அமெரிக்காவின் முதல் அரசு ஜூனியர் கல்லூரி 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. கலிஃபோர்னியா 1907-ல் சட்டம் இயற்றி, உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரிப் பாடங்களை நடத்தலாம் என்றது. 1910-ல் ஃப்ரெஸ்னோ அதைச் செய்து காட்டியது.

உண்மையான திருப்பம் 1960-ல் வந்தது. யுசியின் தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் சட்டமானது. பள்ளி இறுதியில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு யுசி, முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு மாநிலக் கல்லூரிகள் (இன்றைய கால்ஸ்டேட்), மற்ற அனைவருக்கும் ஜூனியர் கல்லூரிகள் என்று மூன்று அடுக்கு. மேல் அடுக்குகளில் 40 விழுக்காடு இடங்கள் முதலிரண்டு ஆண்டுகளுக்கும், 60 விழுக்காடு கடைசி இரண்டு ஆண்டுகளுக்கும் என்று பிரிக்க இலக்கு வைத்தார்கள். கீழிருந்து வருகிறவர்களுக்கு மேலே நாற்காலி காலியாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த ஆண்டு அக்டோபரில் கெர்ரின் முகம் டைம் இதழின் அட்டையில் வந்தது.

அதே 1960-ல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து எழுதியவை வெளியாயின. அவர் கண்டது வேறு. இந்தக் கல்லூரிகள் மாணவரை 'நீ தேறமாட்டாய்' என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. தகுதித் தேர்வு, ஆயத்த வகுப்பு, ஆலோசனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அவருடைய ஆசையின் சூட்டை மெல்லத் தணிக்கின்றன. கடைசியில் மாணவர் தானே விலகுகிறார்; தன்னைத்தான் குறைசொல்லிக்கொள்கிறார். கெர் கண்ட கனவும் பர்ட்டன் கிளார்க் எழுப்பிய சந்தேகமும் அறுபது ஆண்டுகளாக ஒரே கட்டடத்துக்குள் குடியிருக்கின்றன.

யூனிட் எங்கே தொலைகிறது?

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். ஃப்ரெஸ்னோவில் படிக்கிறாள், கணினி அறிவியல் அவள் விருப்பம். எங்கே இடம் கிடைக்கும் என்று தெரியாததால் நான்கு யுசி வளாகங்களுக்கும் இரண்டு கால்ஸ்டேட் வளாகங்களுக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறாள். ஒரு வளாகம் சி++ படித்திருக்க வேண்டும் என்கிறது. இன்னொன்று ஜாவா கேட்கிறது. ஒன்றுக்கு இயற்பியல் முழு வரிசையும் வேண்டும். மற்றொன்று இயற்பியலைச் சீந்துவதே இல்லை. எல்லோரையும் திருப்திப்படுத்த நினைத்தால் இரண்டு ஆண்டு மூன்றாகிவிடும். ஒரே வளாகத்தை நம்பிப் படித்தால், அது கைவிரிக்கும் நாளில் போக வேறிடம் இல்லை.

எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பார்க்க 'அசிஸ்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. மாநிலத்தின் அதிகாரபூர்வப் பதிவேடு அதுதான். ஆனால் 116 கல்லூரிகள், முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக வளாகங்கள், ஒவ்வொன்றிலும் பல துறைகள். இவை ஒவ்வொன்றுக்கும் இடையே தனித்தனி ஒப்பந்தம். ஒரு கல்லூரியின் பாடத்தை இந்த வளாகம் ஏற்றிருக்கும், பக்கத்து வளாகம் ஏற்றிருக்காது. பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யுசி வளாகங்கள் ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்து நடத்துகின்றன. சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இரண்டு செமஸ்டராக. பாடங்களைப் பொருத்திப் பார்க்கும்போது மிச்சமும் குறையும் விழாமல் இருப்பதில்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017-ல் ஒரு மதிப்பீடு தந்தது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டை, அதாவது படித்துச் சேர்த்த யூனிட்டுகளை, இழந்தார்கள். இதில் லாப நோக்குக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களும் அடக்கம். அரசுக் கல்லூரிகளுக்கிடையே இழப்பு குறைவு. ஆனாலும் இழப்பு இழப்புதான்.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் கிரெடிட்டை ஏற்றுக்கொள்ளும். ஆனால் மாணவருடைய முதன்மைப் பாடத்துக்கு ஈடாக அல்ல, விருப்பப் பாடமாக. மதிப்பெண் பட்டியலில் யூனிட் நிறைந்திருக்கும், பட்டம் மட்டும் நெருங்காது. படித்ததையே இன்னொரு பெயரில் மறுபடி படிக்க வேண்டும். ஏழை மாணவருக்கான மத்திய உதவித்தொகையான பெல் கிராண்ட், வாழ்நாளில் 12 செமஸ்டர் அளவுக்குத்தான் கிடைக்கும். திரும்பப் படிக்கும் ஒவ்வொரு பாடமும் அந்த ஒதுக்கீட்டைக் கரைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடம் பொருந்துமா என்று முடிவு செய்வது சேர்த்துக்கொள்ளும் துறை. முடிவு தவறினால் பணமும் காலமும் இழப்பது மாணவர். முடிவெடுப்பவருக்கு நஷ்டமில்லை, நஷ்டப்படுபவருக்கு முடிவில் பங்கில்லை.

---

*பெட்டிச் செய்தி: இவர்களும் அந்த வழியே வந்தவர்கள்தான்*

டாம் ஹாங்க்ஸ்: ஹேவர்டின் ஷாபோ கல்லூரியில் படித்துவிட்டு, சாக்ரமெண்டோவில் உள்ள கால்ஸ்டேட் வளாகத்துக்கு மாறினார். தன் வாழ்க்கைக்கு அந்தக் கல்லூரியே காரணம் என்று 2015-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

கிரெய்க் வென்டர்: மனித மரபணுத் தொகுதியை வாசித்த விஞ்ஞானிகளில் ஒருவர். வியட்நாம் போரிலிருந்து திரும்பி, சான் மேட்டியோ கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து யுசியின் சான் டியேகோ வளாகத்துக்குப் போனார்.

ஐலீன் காலின்ஸ்: விண்வெளி ஓடத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் தொடங்கி சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

ஜிம் சினகல்: காஸ்ட்கோ நிறுவனர்களில் ஒருவர். சான் டியேகோ சிட்டி கல்லூரியில் படித்து, சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர்.

---

சட்டம் செய்ததும் செய்ய முடியாததும்

2010 செப்டம்பரில் கலிஃபோர்னியா ஒரு முக்கியச் சட்டத்தை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் அன்றைய மாநில செனட்டர் அலெக்ஸ் பதீயா. கையெழுத்திட்ட ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர்; ஆஸ்திரியாவிலிருந்து வந்த புதிதில் சாண்டா மோனிகா கல்லூரியில் பாடம் படித்தவர். மாறுதலுக்கென்றே ஓர் அசோசியேட் பட்டத்தை, அதாவது ஈராண்டுப் பட்டத்தை, அந்தச் சட்டம் உருவாக்கியது. 60 யூனிட்டில் அதை முடித்தவருக்கு கால்ஸ்டேட்டில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. அதற்குமேல் 60 யூனிட்தான் கேட்கலாம். படித்ததை மறுபடி படிக்கச் சொல்லக்கூடாது.

பல்லாயிரம் பேருக்கு இது பயன்பட்டது. ஓட்டைகளும் இருந்தன. கால்ஸ்டேட்டில் இடம் உறுதி. எந்த வளாகம் என்பது உறுதியில்லை. லாங் பீச்சிலோ சான் டியேகோவிலோ குடும்பம், வேலை என்று வேரூன்றியவருக்குப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இடம் தந்தால் அது தராததற்குச் சமம்.

இன்னொரு பெரிய ஓட்டை, இந்தச் சட்டம் யுசியைக் கட்டுப்படுத்தவில்லை. மாநிலத்தின் 1879 அரசமைப்பிலிருந்தே யுசிக்குத் தன்னாட்சி உண்டு. கால்ஸ்டேட் 'செய்ய வேண்டும்' என்று எழுதும் சட்டமன்றம், யுசியிடம் 'செய்யுமாறு கேட்டுக்கொள்கிறது' என்றுதான் எழுத முடியும். யுசி தன் பங்குக்கு ஆறு வளாகங்களில் இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்யும் திட்டம் வைத்திருக்கிறது. எல்லோரும் ஏங்கும் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அதில் இல்லை.

சட்டத்தால் முடியாததைப் பணப்பையால் முயன்றார்கள். புதிதாகச் சேர்க்கும் இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு மாறுதல் மாணவர் என்ற விகிதத்தை எட்டுவது உள்ளிட்ட சில நிபந்தனைகளோடு, 2017-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்து பட்ஜெட் யுசிக்கான 5 கோடி டாலரை நிறுத்திவைத்தது. 2023-ல் வந்த இன்னொரு சட்டம், மாறுதல் பட்டம் பெற்றவர்களுக்கு யுசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் சில துறைகளில் முன்னுரிமை தரும் சோதனைத் திட்டத்தை 2026-27 கல்வியாண்டிலிருந்து தொடங்கச் சொன்னது.

2021-ல் வந்த இரண்டு சட்டங்கள் தலைப்புச் செய்தி ஆகவில்லை. ஆனால் அவற்றில்தான் உண்மையான மருந்து இருக்கிறது. அதுவரை பொதுப்பாடங்களுக்கு யுசிக்கு ஒரு பட்டியல், கால்ஸ்டேட்டுக்கு ஒரு பட்டியல். முதல் சட்டத்தின்படி 2025 இலையுதிர் பருவத்திலிருந்து இரண்டுக்கும் ஒரே பட்டியல். இரண்டாவது சட்டம் எல்லாச் சமுதாயக் கல்லூரிகளிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் இருக்கவேண்டும் என்கிறது. உளவியல் அறிமுகம் எங்கே படித்தாலும் சி1000. ஆங்கிலம், புள்ளியியல், அரசியல் அறிவியல் உட்பட முதல் ஆறு பாடங்கள் அதே பருவத்தில் பொது எண்ணுக்கு வந்தன. வேலை முழுவதும் முடியக் கெடு 2027.

ஃப்ளோரிடாவும் நியூயார்க்கும் காட்டிய வழி

பாட எண்ணை ஒன்றாக்குவது கலிஃபோர்னியாவின் கண்டுபிடிப்பல்ல. ஃப்ளோரிடா 1970-களிலேயே அதைச் செய்துவிட்டது. அந்த மாநிலத்தின் 28 கல்லூரிகளில் எதில் அசோசியேட் பட்டம் முடித்தாலும், 12 அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏதோ ஒன்றில் இடம் உறுதி.

அதிலும் ஆர்லாண்டோ ஒரு படி மேலே போனது. வலென்சியா கல்லூரியும் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் 2006-ல் கைகோத்தன. 'எங்காவது இடம்' என்ற உறுதி, 'இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம்' என்று மாறியது. பல்கலைக்கழகத்தின் ஆலோசகர்கள் கல்லூரி வளாகத்துக்கே வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளை எங்கே போகப்போகிறது என்பது முதல் நாளே தெரியும். எந்தப் பாடம் எடுக்கவேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. 2011-ல் சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆஸ்பென் பரிசு முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது அதை வென்றது வலென்சியா.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2013-ல் தன் எல்லாக் கல்லூரிகளுக்கும் 30 கிரெடிட் கொண்ட பொதுப்பாடத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பேராசிரியர்கள் கொதித்தார்கள், சங்கம் நீதிமன்றம் வரை போனது. சிலபஸை வகுக்கும் உரிமை ஆசிரியருக்கு உரியது, நிர்வாகம் அதில் கைவைத்தால் தரம் சரியும் என்பது அவர்களுடைய வாதம். அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மூன்றாம் ஆண்டுப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியருக்கு, மாணவர் அடிப்படை தெரிந்து வந்திருக்கிறாரா என்ற கவலை நியாயமானது. மாறி வந்த முதல் பருவத்தில் மதிப்பெண் சற்றுச் சரிவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 'டிரான்ஸ்ஃபர் ஷாக்' என்று 1960-களிலிருந்தே குறித்துவருகிறார்கள். ஆனால் அந்தக் கவலைக்கு விடை, இரு தரப்பு ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிலபஸைப் பேசித் தீர்ப்பது. வாசலில் வந்து நிற்கும் மாணவரின் தலையில் அந்தச் சண்டையின் தீர்ப்பை எழுதுவது விடையாகாது.

அதே நியூயார்க் இன்னொன்றையும் நிரூபித்தது. 2007-ல் அங்கே தொடங்கிய 'ஆசாப்' திட்டம் மாணவரை முழுநேரம் படிக்கச் சொன்னது. பதிலுக்குக் கட்டணத்தின் மிச்சத்தைக் கட்டியது, சுரங்க ரயில் பாஸ் தந்தது, அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகரையும் ஒதுக்கியது. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் அசோசியேட் பட்டம் முடித்தவர்கள் 22 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தார்கள். மாணவர்கள் அதே மாணவர்கள். அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடுதான் வேறு.

பர்ட்டன் கிளார்க் சொன்ன ஆயத்த வகுப்புகளிலும் மாற்றம் வந்திருக்கிறது. பள்ளிக் கணக்கையே மறுபடி படிக்கவைத்து ஓரிரு ஆண்டுகளைத் தின்றுவந்த வழக்கத்தை, கலிஃபோர்னியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு நிறுத்தியது. பள்ளி மதிப்பெண்ணை வைத்து நேரடியாகப் பட்டப்படிப்புக் கணிதத்தில் உட்காரவைக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே அந்தத் தடையைத் தாண்டுபவர்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது.

நம் ஊரில் ஒரு பாடம்

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கென மாநில அளவில் கலந்தாய்வு நடக்கிறது. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி அதை நடத்திவந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் வாசலிலும் நின்று, 'என் டிப்ளமோவை ஏற்பீர்களா?' என்று கேட்கும் வேலை மாணவருக்கு இல்லை. விதி பொது, இடம் ஒதுக்கப்பட்டது. சேர்ந்தபின் கணிதத்தில் திணறுபவர்கள் உண்டு. அது வகுப்பில் சரிசெய்ய வேண்டிய குறை. வாசலை அடைக்கக் காரணமல்ல.

கலை அறிவியல் கல்லூரிகளில் இப்படி ஒரு வழி இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, திருமணத்தாலோ அப்பாவின் வேலை மாற்றத்தாலோ வேறு ஊர் போகும் பெண், பெரும்பாலும் முதலாண்டிலிருந்து தொடங்குகிறாள். அல்லது படிப்பை விடுகிறாள். மத்திய அரசு 2021-ல் கல்விக் கிரெடிட் வங்கியைத் தொடங்கியிருக்கிறது. கிரெடிட்டைச் சேர்த்து வைப்பது எளிது. சேர்த்ததை எந்தப் பாடத்துக்கு ஈடாக, யார், எந்த விதியின்படி ஏற்பார்கள் என்பதில்தான் கலிஃபோர்னியா அறுபது ஆண்டுகளாக இடறிக்கொண்டிருக்கிறது.

அடுத்து என்ன?

பாட எண் ஒன்றானாலும், பொதுப்பட்டியல் ஒன்றானாலும் தீராத ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: நாற்காலி. கணினி, செவிலியர், பொறியியல் போன்ற துறைகளில் மூன்றாம் ஆண்டு இடங்கள் குறைவு. வழியை எவ்வளவு செப்பனிட்டாலும் முடிவில் இடமில்லையென்றால், கூட்டம் வாசலில் தேங்குமே தவிரக் குறையாது. பெருந்திட்டம் வைத்த 40-60 இலக்கு வளாகத்துக்கு வளாகம், துறைக்குத் துறை நிஜமாக வேண்டும்.

இன்னொன்று, பொறுப்பு. எத்தனை பேர் மாறினார்கள் என்று சமுதாயக் கல்லூரிகளைக் கேட்டுக் கேட்டு அறிக்கைகள் குவிந்துவிட்டன. அதே கண்டிப்போடு பல்கலைக்கழகத் துறைகளையும் கேட்க வேண்டும்: சென்ற ஆண்டு எந்தெந்தப் பாடங்களை நிராகரித்தீர்கள், எந்தக் காரணத்துக்காக, அதனால் ஒவ்வொரு மாணவரும் எத்தனை பருவம் கூடுதலாகப் படித்தார்? இந்தக் கணக்கை ஆண்டுதோறும் துறைவாரியாக வெளியிட வேண்டும் என்று வந்துவிட்டால், மறுப்பதற்கு முன் துறைகள் ஒருமுறை யோசிக்கும். மறுத்தே ஆகவேண்டும் என்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும். கூடுதல் பருவத்தின் கட்டணத்தை மறுத்த பல்கலைக்கழகமே ஏற்கட்டும். தரத்தைக் காக்கிறோம் என்று சொல்பவர்கள் அதற்கான விலையிலும் பங்கெடுப்பதுதானே முறை?